மட்கார்டில் ஒட்டிய சிவப்பு

— எழுதித் தரேன்னு சொல்லிட்டேனே செவ்வந்தி. 'சின்னக்கண்ணு சைக்கிள்ல, பின்னாடி மட்கார்டுல, சிவப்பு ஸ்டிக்கர் இருந்துச்சு. மார்கழி பன்னெண்டாந் தேதி என் கையால நானே ஒட்டினேன். இப்படிக்கு, கொளஞ்சியப்பன், சைக்கிள் கடை, கச்சிராயபாளையம்.' கையெழுத்துக்குக் கீழ கடை சீலும் குத்திடறேன். போதும் இல்ல?

— எழுதறது இருக்கட்டுங்கண்ணா. மொதல்ல அந்த ஸ்டிக்கர் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குச் சொல்லுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். அங்க யாராச்சும் கேட்டா நான் வாயத் தொறக்கணும் இல்ல? நேத்து ஸ்டேஷன் வாசல்ல, எங்க வூட்டுக்காரரை மோதிச் சாவடிச்ச டிராக்டர்காரங்களோட வந்த வக்கீலு கேட்டாரு. 'ஏம்மா, உன் புருஷன் சைக்கிள் மின்னும்ன்றியே, அந்த ஸ்டிக்கர்ல இன்னா பேட்டரியா இருக்குது'ன்னு. நான் முழிச்சுக்கினு நின்னேன். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க.

— சிரிச்சவங்களக் கேட்டுப் பாரு, ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. பேட்டரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. குந்து. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. தலையில இருக்கிற கட்டை எறக்கி வை.

— கொழுந்தாடைதான். இன்னிக்கு வெட்டுக்குப் போன எடத்துல, கரும்பு நுனிய மாட்டுக்குன்னு கட்டிக்கினு வந்தேன். வூட்டுல ரெண்டும் கத்திக்கினு இருக்கும். சீக்கிரமா சொல்லுங்க. நீங்க பேச ஆரம்பிச்சா பஞ்சர் ஒட்ட வந்தவன் புது டயர் தேயற வரைக்கும் நிப்பான்னு ஊருல சொல்வாங்க.

— சொல்லட்டும். தெரிஞ்சதை சொல்லாம வெச்சுக்கினு நான் இன்னா பண்ணப் போறேன். இந்தா, இதுதான் ஸ்டிக்கர். வெரலால தடவு.

— லேசா சொரசொரப்பா இருக்குது.

— அந்தச் சொரசொரப்பு பூரா கண்ணாடி மணி. ஒரு கேழ்வரகை நூறா ஒடச்சா எம்மாம் பொடி வரும், அம்மாம் பொடி. ஆனா ஒவ்வொண்ணும் உருண்டை. கவனி. வெளிச்சம் வந்து அந்த உருண்டைக்குள்ள பூந்து வளையும். பின்னால பூசியிருக்கிற பாதரசம் மாதிரி ஒண்ணுல மோதும். மறுபடியும் வளைஞ்சு வெளிய வரும். எந்த வழியா வந்துச்சோ அந்த வழியா.

— வூட்டுக் கண்ணாடியும் அதானே செய்யுது? வெயிலு பட்டா எதுத்த சொவுத்துல பளீர்ன்னு அடிக்குதே.

— அங்கதான் இருக்குது சூட்சுமம். எதுத்த சொவுத்துல அடிக்குது. வெயிலுக்கே திரும்பிப் போவுதா? இல்ல. இந்த மணி அப்படி இல்ல. யாரு வெளிச்சம் போட்டானோ அவனுக்கே திருப்பிக் குடுக்கும். பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

— கேட்டவனுக்கு மட்டும் பதில் சொல்லும். மரியாதை தெரிஞ்ச ஸ்டிக்கர்தான்.

— ஆங், புடிச்சுட்ட பாரு. அந்த வக்கீல் கேட்டா இதையே சொல்லு. இரு, கண்ணாலயே பாத்துடு. ஷட்டரை எறக்கறேன். இந்தச் சைக்கிள் மட்கார்டுல ஒண்ணு ஒட்டியிருக்கேன். டார்ச்சை நெத்தி ஓரமா வெச்சுக்கினு அடி. டிராக்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு லைட்டும் கண்ணும் ஒரே பக்கம்தானே இருக்கும்? அதுக்குத்தான் நெத்தி ஓரம்.

— அம்மாடி. அடுப்புத் தணல் மாதிரி இருக்குதுண்ணா.

— இப்ப டார்ச்சை என்கிட்ட குடு. நான் இந்த மூலையில நின்னு அடிக்கிறேன். நீ அங்கயே இரு. தெரியுதா?

— இல்ல. சைக்கிளு தெரியுது, தணல் தெரியல.

— எனக்குத் தெரியுது. டார்ச்சு என்கிட்ட இருக்குது இல்ல? அவ்வளவுதான் விஷயம். இதை வெச்சா, நூறு மீட்டருக்கு முன்னாடியே வண்டிக்காரனுக்குச் சைக்கிள் இருக்கறது தெரியும். நாப்பது கிலோமீட்டர் வேகத்துல வரான்னு வை. ஒரு செகண்டுக்குப் பதினோரு மீட்டர் ஓடுவான். நூறு மீட்டர்ல தெரிஞ்சா ஒம்போது செகண்டு. கால எடுத்து பிரேக்குல வெக்கறதுக்கு ஒண்ணு, வண்டி நிக்கறதுக்கு மூணு, நாலு. மிச்சம் கெடக்குது. பதினஞ்சு மீட்டர்ல தெரிஞ்சா?

— ஒரு செகண்டு.

— ஒண்ணே கால். மனுஷன் 'ஐயோ'ன்னு நெனைக்கறதுக்கே அது பத்தாது.

— அவருக்கு அதான் ஆச்சுங்களா?

— ஷட்டரைத் தூக்கறேன், இரு. புழுக்கமா இருக்குது.

— இருக்கட்டுங்கண்ணா, தூக்க வேணாம். நான் ஒண்ணு கேக்கணும். இருவது நாளா மனசுலயே வெச்சுக்கினு இருக்கேன். அந்த டிராக்டர் ஓட்டுன பையன் ராசு, ஆஸ்பத்திரியில என் கால்ல வுழுந்தான். தெரியும் இல்ல?

— கேள்விப்பட்டேன்.

— நான் காலை இழுத்துக்கினேன். அவன் வுடல. 'அக்கா, சத்தியமா பின்னாடி ஒண்ணும் மின்னலக்கா. ரோட்டுல ஒரு தழைக் கட்டு நவுந்து போற மாதிரி இருந்துச்சு. கிட்ட வந்தப்பறம்தான் கீழ சக்கரம் தெரிஞ்சுது. அப்பறம் பிரேக் போட்டு இன்னா'ன்னு அழுதான். அன்னிக்கு அது என் காதுல ஏறல. இப்பதான் ஏறுது.

— அவன் சொல்வான். தப்பு பண்ணவன் இன்னா சொல்வான்? அவன் வண்டிய நான் ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன். முன்னாடி ஒரு லைட்டுதான் எரியுது, இன்னொண்ணுல பல்பே இல்ல. டிரெய்லருக்குப் பிரேக்கு கெடையாது. சீட்டுக்குப் பின்னாடி பாட்டுப் பொட்டி, உன் ஒசரத்துக்கு. அதுவும் அவன் ஆலையில கரும்பை எறக்கிட்டு காலி வண்டியில வந்தவன். காலி வண்டிதான் ஜாஸ்தி ஆபத்து, அது யாருக்கும் தெரியறதில்ல.

— லோடு வண்டி தானே பயம்?

— பாக்கறதுக்கு அது பயம். லோடு ஏத்தினவன் வேகமா போவவே முடியாது, மொனகிக்கினு போவான். காலி வண்டிக்காரன், பொழுது சாயறதுக்குள்ள இன்னொரு நடை அடிச்சிடலாம்னு பறப்பான். காலி டிரெய்லர் கனம் கம்மி இல்ல, டயரு ரோட்டைப் புடிக்காது. பிரேக் போட்டா டிராக்டர் நிக்கும், டிரெய்லர் நிக்காது. பின்னால இருந்து நெட்டிக்கினே வரும். போன வருஷம் ஆலையில கரும்பு அரவை நடந்தப்ப செத்த மூணு சைக்கிள்காரங்களையும் அடிச்சது காலி வண்டிதான். கலெக்டருக்கு நான் குடுத்த மனுவுல அதைத்தான் எழுதினேன்.

— அந்த மனுவைத் தூக்கிக்கினு ஒரு வருஷம் நீங்க அலைஞ்சது ஊருக்கே தெரியுங்கண்ணா. கடைய மூடிட்டு பஸ் ஏறிப் போவீங்க. உங்க வூட்டம்மா எங்க தெரு கொழாயில நின்னு, 'செத்தவங்க சொந்தக்காரங்களே சும்மா இருக்காங்க, இவரு எதுக்குத் தொங்கறாரு'ன்னு திட்டுவாங்க.

— அவ இன்னும் திட்டறா. ஆனா நூறு மனு குடுத்தாலும் அத்தனை டிராக்டருக்கும் பல்பு மாட்ட முடியுமா? அதான் யோசிச்சேன். வண்டிக்காரனைத் திருத்தறதுக்கு நாளாவும். அதுவரைக்கும் சைக்கிள்காரனாச்சும் கண்ணுல படட்டும். கலெக்டர் ஆபீஸ்ல கேட்டேன், முந்நூறு ஸ்டிக்கர் குடுத்தாங்க, முந்நூறும் ஒட்டினேன். திங்கக்கிழமை அங்கயே கூட்டம் போட்டு ரெண்டாயிரம் குடுக்கறாங்க. மலையடிவாரம் பூரா ஒட்டலாம். எங்க ஒட்டணும், எப்படி ஒட்டணும்னு பஞ்சாயத்துக்காரங்களுக்கு நான்தான் சொல்லிக் காட்டணும்.

— ஒத்தை லைட்டுக்கு இது மின்னாதுங்களா?

— இன்னாது?

— ராசு வண்டியில ஒரு லைட்டு எரிஞ்சுதுன்னீங்க. ஒத்தை லைட்டுக்கு மின்னுமா, மின்னாதா?

— மின்னும். ஏன் மின்னாது. டார்ச்சுக்கே மின்னுச்சே.

— அப்ப அவனுக்கு ஏன் மின்னல?

— அதான் சொல்றேனே, பாட்டைக் கேட்டுக்கினு வந்தான், ரோட்டைப் பாக்கல. டீ சொல்லட்டுமா செவ்வந்தி? பக்கத்துக் கடையில இஞ்சி போட்டுக் குடுப்பாங்க.

— ரோட்டைப் பாக்காதவனுக்குத் தழைக் கட்டு மட்டும் எப்படிண்ணா தெரிஞ்சுது?

— டீ குடிச்சுட்டுப் பேசலாம், இரு.

— டீ வேணாம். அந்த டார்ச்சைக் குடுங்க. இல்ல, நீங்களே வெச்சுக்கங்க. நான் இந்தக் கட்டைத் தூக்கி ஸ்டிக்கர் ஒட்டுன இந்தச் சைக்கிள் கேரியர்ல வெக்கறேன்.

— எதுக்கும்மா? அழுக்காயிடும். ஒரு வாத்தியாரு வண்டி அது.

— தொடச்சுக் குடுத்துடறேன். அவரும் இப்படித்தான் வெப்பாரு. நீட்டுவாக்குல இல்ல, குறுக்கால. நடுவுல கயிறு போட்டா ரெண்டு பக்கமும் தழை தொங்கும். பச்சை இல்ல, கனத்துல தானா மடியும். ஆச்சு. இப்ப அடிங்க. நெத்தி ஓரமா வெச்சு அடிங்க.

— அடிச்சுட்டேன்.

— எனக்கு ஒண்ணும் தெரியல. டார்ச்சு உங்ககிட்ட இருக்குது, உங்களுக்குத் தெரியுதா?

— இல்ல.

— குனிஞ்சு பாருங்க.

— தெரியலம்மா. தழை மறைச்சுக்கினு இருக்குது. கேரியருக்குக் கீழ ரெண்டு சாண் தொங்குது. மட்கார்டு பூரா உள்ள போயிடுச்சு.

— அவன் பொய் சொல்லல.

— ஒரு சாட்சியத்தை இப்படி கடைக்குள்ள வெச்சு முடிவு பண்ண...

— அவன் பொய் சொல்லலண்ணா. கட்டு நவுந்த மாதிரி இருந்துச்சுன்னான். இதோ, கட்டுதான் நிக்குது. நீங்க எங்களுக்கு ஒட்டினது எத்தினி மணிக்கு?

— காலையில. அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும். வெட்டுக்குப் போற சனங்க பூரா ஆலை ரோடு முக்கு வழியாத்தானே வருவீங்க? அங்க நின்னு ஒவ்வொரு சைக்கிளா நிறுத்தி, மட்கார்டைத் தொடச்சு, ஒட்டி, பின்னாடி பத்தடி போய் டார்ச்சு அடிச்சுப் பாத்துதான் வுட்டேன். ஒண்ணு கூட சோதிக்காம வுடல.

— காலையில எங்க கேரியர்ல இன்னா இருக்கும்? சோத்து வாளி, அருவா, அவ்வளவுதான். சாயங்காலம் யாராச்சும் ஒருத்தர் வெறும் கேரியரோட வூடு திரும்பி நீங்க பாத்திருக்கீங்களா? கரும்பு வெட்டு நடக்கிற வரைக்கும் கொழுந்தாடை வெட்டற எங்களுக்குத்தான். அதை நம்பித்தான் மாடு. ஏழு மைல் அதைத் தூக்கிக்கினுதான் எல்லாரும் வருவோம். இருட்டுல வரதும் அப்பதான்.

— சாயங்காலம் கடையில கூட்டமா இருக்கும். முக்குல போய் நிக்க முடியல.

— உங்களைக் குத்தம் சொல்லலண்ணா. எனக்கே இப்பதானே தெரியுது. சரி, அத வுடுங்க. வேற எங்க ஒட்டினா மறைக்காது?

— பெடல்ல. பெடலோட பின்பக்க விளிம்புல ஒரு துண்டு, ரெண்டு பெடலுக்கும். கட்டு எவ்வளவு தொங்கினாலும் அதுவரைக்கும் வராது, வந்தா மிதிக்கவே முடியாது. இன்னொண்ணு, பெடல் மேலயும் கீழயும் போவுது இல்ல? அசையாம நிக்கிற வெளிச்சத்தைக் கண்ணு தாண்டிப் போயிடும். மாத்தி மாத்தி ஏறி எறங்கற வெளிச்சத்தைத் தாண்டாது. பாத்த ஒடனே மனுஷன் மிதிக்கிறான்னு தெரிஞ்சிடும். மைல்கல்லுன்னு நெனைக்க மாட்டான்.

— இது நல்லா இருக்குதே. அப்ப திங்கக்கிழமை இதைச் சொல்லுங்க. ரெண்டாயிரத்தையும் மட்கார்டுல ஒட்டாதீங்க, பெடல்ல ஒட்டுங்கன்னு.

— செவ்வந்தி, கொஞ்சம் நிதானமா யோசி. பெடல்ல ஒட்டுங்கன்னு சும்மா சொல்ல முடியாது. ஏன்னு கேப்பாங்க. கட்டு மறைக்குதுன்னு சொல்லணும். எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நாலு பேர் முன்னாடி நான் அதைச் சொன்னா, அந்த வக்கீலு அங்கயே குறிச்சுக்குவாரு. அப்பறம் என் சாட்சிக் கடுதாசி எதுக்கு ஆவும்? 'கடைக்காரரே சொல்லிட்டாரு, ஸ்டிக்கர் இருந்தும் தெரியாது, செத்தவன்தான் தழைய மறைச்சுக் கட்டிக்கினு வந்தான்'னு திருப்பிடுவாங்க. ராசு தப்பிச்சிடுவான். பழி சின்னக்கண்ணு தலையில வுழும்.

— இப்பவே வுழுந்துதான் கெடக்குது. 'குடிச்சுட்டு வந்திருப்பான்'னு டீக்கடையில பேசறாங்க. அவரு டீக்குச் சக்கரை கூட அளந்து போட்டுக்கற ஆளு.

— அதான் சொல்றேன். இந்தக் கடுதாசிய வாங்கிக்கினு போ. ஸ்டிக்கர் இருந்துச்சுன்னு எழுதறதுல பொய் ஒண்ணும் இல்ல. இருந்துச்சு. மறைஞ்சுதா இல்லையான்னு இதுல நான் எழுதல, நம்மளை யாரும் கேக்கவும் இல்ல. கேஸ் முடியட்டும். அதுக்கப்பறம் மெதுவா பெடலுக்கு மாத்திக்கலாம்.

— கேஸ் எப்ப முடியும்?

— ரெண்டு வருஷம். மூணும் ஆவலாம்.

— அரவை எப்ப முடியும்?

— சித்திரை வரைக்கும் ஓடும்.

— எங்க தெருவுல மட்டும் இருவத்தேழு சைக்கிளுண்ணா. முந்நூறு பேரு, பின்னாடி மின்னுதுன்ற தைரியத்துல வராங்க. முன்னெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டா எறங்கி ஓரமா நின்னுக்குவோம். ஸ்டிக்கர் ஒட்டினதுல இருந்து யாரும் எறங்கறதில்ல. அவரும் எறங்கறதில்ல. 'அதான் கொளஞ்சி ஒட்டியிருக்காரே, வண்டிக்காரனுக்குத் தெரியும், ஒதுங்கிப் போவான்'னு என்கிட்டயே சொன்னாரு.

— அப்படியா சொன்னாரு?

— பொங்கலுக்கு முன்ன. இன்னாண்ணா, எங்க எழுந்துட்டீங்க?

— ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கணும்.

— குடிங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ராசு பண்ண தப்பு ராசுகிட்ட இருக்குது. ஒரு லைட்டோட, பிரேக்கு இல்லாத டிரெய்லரைக் கட்டிக்கினு, இருட்டுல பறந்தான். கட்டு மறைச்சாலும் ரெண்டு லைட்டும் எரிஞ்சு மெதுவா வந்திருந்தா கட்டையாச்சும் முன்னாடியே பாத்திருப்பான். பதினோரு மீட்டர் கணக்கு நீங்க சொன்னதுதான், அதை நான் மனுவுல எழுதச் சொல்லி வெப்பேன். வக்கீலு சிரிக்கட்டும். ஆனா ஸ்டிக்கர் மறைஞ்சுதுன்னும் சேத்து எழுதுவேன். நானே எழுதிட்டா, அவரு அதைக் கண்டுபுடிச்ச மாதிரி தூக்கிக் காட்ட முடியாது இல்ல?

— உனக்கு நஷ்டம்மா.

— இருக்கலாம். வர வாரம் எங்க தெரு பச்சையம்மா புருஷனை, அவரு அடிபட்ட அதே பாலத்துல வாரி எடுத்தா, 'எனக்குத் தெரியும், கேஸுக்காவ வாய மூடிக்கினு இருந்தேன்'னு அவகிட்ட நான் சொல்ல முடியுங்களா? என்னால முடியாது. அந்தக் கடுதாசிய நீங்களே வெச்சுக்கங்க. இல்லன்னா மறைஞ்சதையும் சேத்து வேற எழுதிக் குடுங்க.

— வேற எழுதறேன்.

— திங்கக்கிழமை சொல்லுவீங்களா? எல்லாரும் கை தட்டறதுக்கு வந்திருப்பாங்க, அவங்க எதிர்ல சொல்லணும்.

— சொல்றேன்.

— இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எங்க தெரு சைக்கிளுக்கு மட்டுமாச்சும் பெடல்ல ஒட்டிடுங்க. மிச்சம் துண்டு இருக்குதா?

— இருக்குது. ஸ்டிக்கர் ஓரம் வெட்டினதுல மீந்ததை நறுக்கியே வெச்சிருக்கேன். இதோ, இந்த டப்பாவுல.

— பாருங்க, இவ்வளவு இருக்குதே. சரி, நான் கெளம்பறேன். மனசு ஒடஞ்சு போவாதீங்கண்ணா. யாரு கேட்டாலும் தலையக் குனியாம சொல்லுங்க, 'கட்டு மறைக்கும்னு எனக்குத் தெரியாது, இன்னிக்குத்தான் செவ்வந்தி வந்து காட்டினா'ன்னு. தெரியாம செஞ்சதுக்கு உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— அதை என்னால சொல்ல முடியாதும்மா. அவரு அடிபட்ட அன்னிக்கு சாயங்காலம், நல்லா வெளிச்சம் இருக்கும்போதே, சின்னக்கண்ணு கட்டோட இங்க வந்து நின்னு, 'மறைக்குது கொளஞ்சி, இதைப் பெடல்ல ஒட்டிக் குடு'ன்னு கேட்டாரு. நான் ஒட்டாம, இந்தக் கண்ணாடி மணி எப்படி வேலை செய்யுதுன்னு இருட்டற வரைக்கும் அவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பி வெச்சேன்.